லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேம் விளையாடுவதற்கென்று லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களில் முக்கியமானது இது. "அண்ணா, இதுல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்குதுன்னு கடைக்காரர் சொல்றாருங்க. வாங்கலாமுங்களா?" என்று கணியூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பலருக்கு அது பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா அம்மாவின் தீபாவளி போனஸ் பணம். ஒரு முறை செலவழித்தால் அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு அந்த லேப்டாப்பைத்தான் வைத்துக் கொள்ள வேண்டும். எனவே "இரண்டு கிராபிக்ஸ்" என்றால் என்ன, அது எப்போது பயன் தரும், எப்போது வீண் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே பெயர், மூன்று பொருள்

கிராபிக்ஸ் சிப்பை ஜிபியூ என்று அழைக்கிறோம். திரையில் தெரியும் படங்களைக் கணக்கிட்டு வரைவது இதன் வேலை. "இரண்டு ஜிபியூ உள்ள லேப்டாப்" என்று சொல்லும்போது அது கீழ்க்காணும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் ஒன்று. கேமிற்காகத் தனியாகப் பொருத்தப்பட்ட பெரிய கிராபிக்ஸ் ஒன்று. தேவைக்கேற்ப இரண்டில் ஒன்று வேலை செய்யும்.

2. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பெரிய கிராபிக்ஸ் கார்டுகள். இரண்டும் சேர்ந்து ஒரே கேமை இயக்கும். என்விடியா இதற்கு எஸ்எல்ஐ என்றும், ஏடிஐ (பின்னர் ஏஎம்டி) கிராஸ்ஃபயர் என்றும் பெயர் வைத்தன.

3. பிராசசருக்குள் இருக்கும் ரேடியான் கிராபிக்ஸும், தனியாக உள்ள இன்னொரு ரேடியானும் கை கோத்து வேலை செய்வது. ஏஎம்டி 2011-ல் ஏ சீரிஸ் பிராசசர்களுடன் "டூயல் கிராபிக்ஸ்" என்ற பெயரில் இதனைத் தந்தது. 2017-ல் ரைசன் பிராசசர்கள் வந்த பிறகு இது தொடரவில்லை.

இன்று கடையில் புதிதாக விற்கப்படும் கேமிங் லேப்டாப்பில் இரண்டு ஜிபியூ இருந்தால், அது முதல் வகைதான். இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் பழைய லேப்டாப் விற்பனையில் மட்டுமே கண்ணில் படும்.

முதல் வகை: இது நல்லது, ஆனால் சிறப்புச் சலுகை அல்ல

கேமிங் லேப்டாப் வாங்கிய ஒருவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கிறார். அதில் ஜிபியூ 0, ஜிபியூ 1 என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று இன்டெல் அல்லது ரேடியான், மற்றொன்று ஆர்டிஎக்ஸ். "இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் போலிருக்கிறது" என்று அவர் மகிழ்ந்தால் அது தவறு. இவை ஒன்றின் வேகத்தோடு மற்றொன்றைக் கூட்டுவதில்லை. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று வேலை பார்க்கிறது.

இந்த ஏற்பாடு பேட்டரிக்காக வந்தது. கடிதம் டைப் செய்யவும், படம் பார்க்கவும் பெரிய கிராபிக்ஸ் சிப் தேவையில்லை. அது சும்மா இயங்கினால் பேட்டரி தீரும், சூடு ஏறும். 2006-ல் வந்த சோனி வயோ எஸ்இசட் லேப்டாப்பில் இரண்டுக்கும் இடையே மாற்ற ஒரு சுவிட்சே இருந்தது. சுவிட்சை மாற்றிவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 2010-ல் என்விடியா கொண்டு வந்த ஆப்டிமஸ் தொழில்நுட்பம் இந்த மாற்றத்தைத் தானாகவே செய்யத் தொடங்கியது. கேமைத் திறந்தால் பெரிய சிப் விழிக்கும். மூடினால் தூங்கப் போய்விடும்.

ஆகவே "இரண்டு கிராபிக்ஸ் இருக்கிறது, அதனால் விலை அதிகம்" என்று யாராவது சொன்னால், நீங்கள் கேட்க வேண்டியது பெரிய கிராபிக்ஸின் மாடலை மட்டும்தான். சிறியது பெரும்பாலும் பிராசசருடனேயே வந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கிலும் கவனம் தேவை. டாஸ்க் மேனேஜரில் ஒரு ஜிபியூவைத் தேர்ந்தெடுத்தால் "டெடிகேட்டட்" மெமரி, "ஷேர்டு" மெமரி என இரண்டு அளவுகள் காட்டப்படும். டெடிகேட்டட் என்பது கிராபிக்ஸ் சிப்புக்கே உரிய மெமரி. ஷேர்டு என்பது தேவைப்பட்டால் சாதாரண ரேமிலிருந்து கடன் வாங்கிக் கொள்ளக்கூடிய அளவு. பொதுவாக ரேமில் பாதி. 16 ஜிபி ரேமும் 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் உள்ள லேப்டாப்பில் இரண்டையும் கூட்டி ஏறக்குறைய 12 ஜிபி என்று விண்டோஸ் காட்டும். அதை வைத்து "12 ஜிபி கிராபிக்ஸ்" என்று விற்றால் நம்பாதீர்கள். கேமுக்கு உதவுவது அந்த 4 ஜிபிதான். கடன் வாங்கும் மெமரி மிக மெதுவானது.

இரண்டாம் வகை: ஜோடி கார்டு எப்படி வேலை செய்தது?

இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் யோசனை பழையது. 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ 2 கார்டுகளில் இதனைச் செய்தது. ஒரு கார்டு திரையின் ஒற்றைப்படை வரிகளை வரையும். மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். 2000-ன் இறுதியில் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பச் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004-ல் எஸ்எல்ஐ என்ற அதே பெயரில், வேறு முறையில், மீண்டும் வெளியிட்டது. 2005-ல் ஏடிஐ கிராஸ்ஃபயரைக் கொண்டு வந்தது.

புதிய முறையை நம் ஊர் வேலையை வைத்தே புரிந்து கொள்ளலாம். கேம் என்பது திரையில் அடுத்தடுத்து வந்து விழும் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வந்தால் ஆட்டம் வழுக்கிக் கொண்டு போகும். இப்போது ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு பனியன் பீஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு டெய்லர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1, 3, 5-வது பீஸ்கள் முதல் டெய்லருக்கு. 2, 4, 6-வது பீஸ்கள் இரண்டாம் டெய்லருக்கு. தைத்து முடித்தவை வரிசையாகச் செக்கிங் டேபிளுக்கு வரும். செக்கிங் டேபிள்தான் உங்கள் திரை.

கேட்க நன்றாக இருக்கிறது. உற்பத்தி இரண்டு மடங்காக வேண்டுமே? ஆனால் நடைமுறையில் நான்கு சிக்கல்கள் எழுந்தன.

முதல் சிக்கல், மெமரி. இரண்டு டெய்லரும் ஒரே டிசைனைத் தைப்பதால், எல்லா நிற நூல் கோனும் இருவரிடமும் இருக்க வேண்டும். அதேபோல் கேமின் படங்களும் உருவங்களும் இரண்டு கார்டிலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். எனவே 2 ஜிபி கார்டு இரண்டு இருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது 2 ஜிபிதான். "2+2 = 4 ஜிபி" என்று அட்டையில் எழுதியிருந்தாலும் இதுவே உண்மை.

இரண்டாவது, சீரற்ற இடைவெளி. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லி செகண்டுக்கு ஒன்றாக வர வேண்டும். ஜோடி கார்டில் ஒரு ஃபிரேம் 8 மில்லி செகண்டில் வந்து, அடுத்தது 25 மில்லி செகண்ட் எடுத்துக் கொண்டால், சராசரி அதே 60-தான் காட்டும். ஆனால் கண்ணுக்கு ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். எண்ணில் வேகம் தெரியும், விளையாடும்போது தெரியாது. இதற்கு மைக்ரோ ஸ்டட்டர் என்று பெயர்.

மூன்றாவது, கேமின் ஒத்துழைப்பு. ஒவ்வொரு கேமுக்கும் ஜோடி கார்டில் எப்படி ஓட வேண்டும் என்ற புரொஃபைல் டிரைவரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். உதாரணத்துக்கு, ஒரு கார்டில் 40 ஃபிரேம் ஓடும் கேம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். நல்ல ஆதரவு இருந்தால் 65, 70 வரை போகலாம். ஆதரவு இல்லையென்றால் அதே 40-தான். சில நேரம் அதற்கும் கீழே. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 போன்ற கேம்களில் ஜோடியின் பலன் நன்றாகவே தெரிந்தது. பல கேம்களில் தெரியவே இல்லை.

நான்காவது, சூடும் கரண்டும். டெஸ்க்டாப்பில் பெரிய பெட்டி இருக்கிறது, மின்விசிறிகள் இருக்கின்றன. லேப்டாப்பில் விரல் தடிமனுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். 2016-ல் அசுஸ் காட்டிய ஜிஎக்ஸ் 800 என்ற மாடலில் இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 சிப்கள் இருந்தன. அவற்றைக் குளிர்விக்க நீர் சுற்றும் தனிப் பெட்டி ஒன்றைப் பின்புறம் இணைக்க வேண்டும். கரண்டுக்கு 330 வாட் அடாப்டர்கள் இரண்டு. ஏப்ரல், மே வெயிலில் நம் வீட்டு ஓட்டுக்கூரைக்கு அடியில் அதனை நினைத்துப் பாருங்கள்!

விலை என்ன?

டெல் எக்ஸ்பிஎஸ் எம்1730 (2007), ஏலியன்வேர் எம்18எக்ஸ் (2011), எம்எஸ்ஐ ஜிடி80 டைட்டன் (2015) என்று ஜோடி கார்டு லேப்டாப்கள் வந்து கொண்டுதான் இருந்தன. எல்லாமே கனமானவை, விலை உயர்ந்தவை. உச்சம் ஏசர் பிரிடேட்டர் 21எக்ஸ். 21 அங்குல வளைந்த திரை, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080, எட்டு கிலோவுக்கு மேல் எடை. 2017 டிசம்பரில் இந்தியாவில் இதன் விலை ரூ.6,99,999. அந்த எடையில் மடியில் வைத்துப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்ற பெயரே பொருந்தாது.

ஏன் நின்று போனது?

நான் மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவன். ஒரு வேலையை இரண்டு சிப்புக்குப் பிரித்துக் கொடுப்பதில் கடினமான பகுதி எது என்றால், ஒன்றின் விடையை மற்றொன்று எதிர்பார்க்கும் இடம். கேம்கள் இந்த இடத்தில்தான் மாறின. இப்போதைய கேம்கள் உருவங்களின் விளிம்பை மென்மையாக்கவும், சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் முந்தைய ஃபிரேமின் தகவலைப் பயன்படுத்துகின்றன. டிஎல்எஸ்எஸ் போன்ற வசதிகளும் இப்படித்தான் இயங்குகின்றன.

மீண்டும் டெய்லர்களிடம் வருவோம். முந்தைய பீஸை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் அடுத்ததைத் தைக்க முடியும் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும்? முதல் டெய்லர் முடிக்கும் வரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் சம்பளம், உற்பத்தி ஒருவருடையது.

2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, இரண்டு கார்டுகளை நிர்வகிக்கும் பொறுப்பைக் கேம் தயாரிப்பாளரிடமே கொடுத்தது. ஜோடி கார்டு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காக மாதக்கணக்கில் உழைக்கத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் முன்வரவில்லை. 2021 ஜனவரி முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல்கள் தருவதை என்விடியா நிறுத்தியது. 2020-ன் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் ஜோடி சேர்க்கும் இணைப்பு இருந்தது. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல் அதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு, அனிமேஷன் ரெண்டரிங் போன்ற வேலைகளில் பல ஜிபியூக்கள் இன்றும் சேர்ந்து உழைக்கின்றன. அங்கே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். ஃபிரேம் நேரத்துக்கு வந்தாக வேண்டிய அவசரம் இல்லை. கேம் அப்படி அல்ல.

பழைய ஜோடி லேப்டாப் மலிவாகக் கிடைத்தால்?

இங்கேதான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். பழைய லேப்டாப் விற்பவர் "இரண்டு கார்டு, அந்தக் காலத்தில் லட்ச ரூபாய்" என்பார். லெனோவோ ஐடியாபேட் ஒய்500, ஒய்510பி போன்ற மாடல்களில் டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் இரண்டாவது கார்டைச் செருகும் வசதி இருந்தது. 2013 வாக்கில் அது நல்ல யோசனை. இன்று வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

டிரைவர்: இவற்றில் உள்ள ஜிடி 650எம், ஜிடி 750எம் தலைமுறை லேப்டாப் சிப்களுக்குப் புதிய கேம் டிரைவர்கள் 2019-லேயே நின்றுவிட்டன. ஜிடிஎக்ஸ் 980எம், ஜிடிஎக்ஸ் 1080 தலைமுறைகளுக்கு 2025 அக்டோபருடன் நின்றன.

விண்டோஸ்: இந்த லேப்டாப்களில் இருப்பவை இன்டெல் 3, 4-ம் தலைமுறை பிராசசர்கள். விண்டோஸ் 11 இவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

உதிரிப் பாகம்: பேட்டரி, மின்விசிறி, அதிக வாட் அடாப்டர் ஆகியவை இந்த மாடல்களுக்கென்றே தனி. ஒன்று போனால் தேடி அலைய வேண்டும்.

பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. அதே பணத்துக்கு ஒரே கார்டு உள்ள, விண்டோஸ் 11 ஏற்கும் லேப்டாப் நீண்ட நாள் உழைக்கும்.

உங்கள் லேப்டாப்பில் சோதித்துப் பாருங்கள்

ஏற்கெனவே கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள், கேம் சரியான கிராபிக்ஸில் ஓடுகிறதா என்று பார்த்துக் கொள்வது நல்லது. "புது லேப்டாப், ஆனால் கேம் திணறுகிறது" என்ற புகாருக்குச் சில நேரம் இதுவே காரணம்.

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.

2. பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் ஜிபியூ 0, ஜிபியூ 1 எந்தெந்தச் சிப் என்று பெயரைப் பார்த்துக் கொள்ளுங்கள். எண் வரிசையை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள்.

3. கேமைத் திறந்து சிறிது நேரம் விளையாடிவிட்டு, ஆல்ட், டேப் கீகளை அழுத்தி மீண்டும் டாஸ்க் மேனேஜருக்கு வாருங்கள். பெரிய சிப்பின் வரைபடம் மேலே ஏறியிருக்க வேண்டும்.

4. ஏறவில்லை என்றால் செட்டிங்ஸ் சென்று சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என வரிசையாகத் திறங்கள். பட்டியலில் உங்கள் கேமைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் சேர்த்துக் கொள்ளுங்கள். பின் அதற்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

5. கேமை மூடிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். விளையாடும்போது சார்ஜர் இணைக்கப்பட்டிருக்கட்டும். பேட்டரியில் பெரிய சிப் முழு வேகத்தில் ஓடாது.

சும்மா இருக்கும்போது பெரிய சிப் 0 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம். அது கெட்டுப் போகவில்லை, தூங்குகிறது.

கூடுதல் பணத்தை எதில் போடலாம்?

ஒரே ஒரு நல்ல ஜிபியூ: முதல் கவனம் இதில். டெக்ஸ்டைல் டிசைன், முப்பரிமாண சாம்பிள் வேலை கற்கும் மாணவர்களுக்கும் ஒரு நல்ல கார்டு போதும்.

வாட் அளவு: ஒரே பெயருள்ள சிப்பும் லேப்டாப்புக்கு லேப்டாப் வேகம் மாறும். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைக்கலாம். கடையில் "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அந்த மாடலின் விவரப் பக்கத்தில் டிஜிபி என்ற பெயரில் இருக்கும்.

மக்ஸ் சுவிட்ச்: ஆப்டிமஸ் முறையில் பெரிய சிப் வரைந்த படம் சிறிய சிப் வழியாகத்தான் திரைக்குப் போகும். மக்ஸ் சுவிட்ச் இருந்தால் நேராகப் போகும். கேமில் சற்று வேகம் கிடைக்கும்.

ரேம்: இரண்டு போட்டுப் பலன் கிடைக்கும் இடம் இதுதான். 16 ஜிபி ஒன்றாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருந்தால் பிராசசர் இரண்டு பாதைகளில் தகவலை எடுக்கும். பிராசசருக்குள் உள்ள கிராபிக்ஸை மட்டும் நம்பியிருக்கும் லேப்டாப்பில் இதன் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

குளிர்விக்கும் அமைப்பு: காற்று வெளியேறும் துளைகள் பின்புறமும் பக்கவாட்டிலும் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பஞ்சுத் தூசி அதிகம். மின்விசிறியில் அது சேர்ந்தால் சூடு ஏறி வேகம் குறையும். அடிப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்ய எளிதாக இருக்கும் மாடல் நல்லது.

சுருக்கமாக

சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு கிராபிக்ஸ் இருப்பது இன்றைய கேமிங் லேப்டாப்பில் வழக்கமான அமைப்பு. பேட்டரிக்கு நல்லது, அதற்கென்று கூடுதல் விலை தர வேண்டாம். இரண்டு பெரிய கார்டுகள் உள்ள பழைய லேப்டாப்பை எந்த விலையிலும் கேமுக்காக வாங்க வேண்டாம். அடுத்த முறை கடையில் "இரண்டு கிராபிக்ஸ்" என்று சொன்னால், "பெரியதன் மாடல் என்ன, டெடிகேட்டட் மெமரி எத்தனை ஜிபி, எத்தனை வாட்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.